ஏறுகிற வண்டிக்கு வழி

என் பீரோவில் ஒரு கேமரா லென்ஸ் இருக்கிறது. உள்ளே கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்திருக்கிறது. மூத்தவள் பிறந்த வருஷம் உள்ளே வைத்தது. சின்னவனுக்கு மூன்று வயதானபோதுதான் மறுபடி வெளியே வந்தது. ரிப்பேர் கடைக்காரர் விளக்கொளியில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எடுத்துப் புழங்கியிருந்தா இது வந்திருக்காதுங்க" என்றார். லென்ஸைத்தான் சொன்னார். எனக்கு என்னைச் சொன்ன மாதிரி இருந்தது.

கல்யாணத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு ஏற்காடு. சேலத்தில் இருட்டோடு பைக்கை எடுத்தால் அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் ஒரு டீ. வெளிச்சம் வருவதற்குள் ஏரிக்கரை. ஒரே குருவிக்காக மூன்று மணி நேரம் அசையாமல் நின்றிருக்கிறேன். பிள்ளைகள் வந்த பிறகு அதெல்லாம் முடிந்த கதை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். 'இவங்க கொஞ்சம் வளரட்டும்' என்பதுதான் அந்த நாட்களில் நான் அதிகம் சொன்ன வாக்கியம்.

மனைவிக்கு மருத்துவமனையில் ஷிப்ட் வேலை. மாதத்தில் இரண்டு ஞாயிறு அவளுக்கு டியூட்டி விழும். ஏழு வயது மகளும் நான்கு வயது மகனும் அன்று முழுக்க என் பொறுப்பு. ஆரம்பத்தில் செல்போனைக் கொடுத்துப் பொழுதை ஓட்டினேன். சாயங்காலம் போனைத் திரும்ப வாங்கும்போது நடக்கிற போரில் மூன்று பேரும் தோற்போம். அப்படி ஒரு போருக்கு மறுவாரம்தான், "சாமி, மலைக்குப் போலாமா?" என்று கேட்டேன். ஒன்றரை வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறோம். அதில் அடிபட்டுக் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

முதல் நாள் எட்டாவது வளைவில் முடிந்தது

சேலத்திலிருந்து ஏற்காடு 30 கிலோமீட்டர்தான். ஆனால் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். முதல் பயணத்தன்று பிள்ளைகளுக்கு வயிறு நிறையப் பூரி கிழங்கு வாங்கிக் கொடுத்தேன். அழாமல் வர வேண்டும் என்று பின்சீட்டில் கார்ட்டூனும் போட்டுக் கொடுத்தேன். எட்டாவது வளைவில் சின்னவன் வாந்தி எடுத்தான். அதைப் பார்த்து மூத்தவளும் எடுத்தாள். மாற்றுத் துணி இல்லை. என் சட்டையைக் கழற்றி மகனுக்குப் போட்டு, பனியனோடு வண்டியைத் திருப்பினேன்.

தவறு மலையில் இல்லை. கண் ஆடாத திரையைப் பார்க்கிறது. காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்போ 'வளைகிறோம், வளைகிறோம்' என்கிறது. இரண்டு சேதிக்கும் நடுவில் மூளை குழம்பும்போதுதான் குமட்டல் வரும். இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை உள்ள பிள்ளைகளுக்கு இது அதிகம். இப்போது காலையில் ஆளுக்கு இரண்டு இட்லி, எண்ணெய்ப் பண்டம் கிடையாது, போன் கிடையாது, ஜன்னல் கண்ணாடி பாதி இறக்கம், பார்வை முன்னால் ரோட்டில். பத்தாவது வளைவு தாண்டியதும் அகலமான இடமாகப் பார்த்து ஐந்து நிமிஷம் இறங்கி நிற்போம். அப்புறமும் வாந்தி நிற்காத பிள்ளைக்கு மாத்திரையை டாக்டரிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

எண்ணுவதற்கு ஒன்று கொடுங்கள்

'இன்னும் எவ்வளவு தூரம்?' என்ற கேள்விக்கு மலைப்பாதையே பதில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும். ஏறும்போது மூத்தவள் எண்ணுவாள். இறங்கும்போது இருபதிலிருந்து தலைகீழாகச் சின்னவன் எண்ண வேண்டும். கழித்தல் கணக்கை அவன் அந்த ரோட்டில்தான் கற்றான்.

இன்னொன்று சிப்ஸ் பாக்கெட். அடிவாரத்தில் வாங்கி முன்னால் கண்ணாடி ஓரம் வைத்துவிடுவோம். வளைவு ஏற ஏற அது உப்பும். ஏற்காடு போய்ச் சேரும்போது பலூன் மாதிரி விறைத்து நிற்கும். சேலத்தில் அடைத்த காற்று உள்ளே அப்படியே இருக்கிறது. மேலே வெளிக்காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. "நம்ம காதும் இப்பிடித்தான் அடைக்குது, எச்சி முழுங்கு" என்றால் உடனே புரிந்துகொள்கிறார்கள். போய்ச் சேரும் வரை பாக்கெட்டைப் பிரிக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அரை மணி நேரப் பொறுமைக்கு அதைவிட மலிவான பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

பழைய சட்டையைப் பிடித்துத் தைப்பது

அப்பாவின் பழைய பேன்ட்டைப் பிடித்து மகனுக்கு டிரவுசர் தைத்த தலைமுறை நம்முடையது. பொழுதுபோக்கையும் அப்படிப் பிடித்துத் தைக்க முடியும் என்பதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு ஐந்தாறு வருஷம் ஆயிற்று.

மூன்று மணி நேரம் அசையாமல் நிற்பது பிள்ளைகளிடம் நடக்காது. 15 நிமிஷம் நடக்கும். தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் நடக்கிற பறவைகள் கணக்கெடுப்பில்கூட ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிஷம் பார்த்து எழுதினால் போதும் என்பார்கள். அந்த அளவையே எடுத்துக்கொண்டேன். ஏரிக்கரையில் கடிகாரம் பார்த்து 15 நிமிஷம். பிறகு மிளகாய் பஜ்ஜி. ஞாயிறு காலை ஒன்பது மணிக்குள் போய்விட வேண்டும். படகுக்கு வரிசை கட்டியபின் குருவியும் இருக்காது, பொறுமையும் இருக்காது.

பைனாகுலர் வாங்குகிறவர்கள் பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பத்து மடங்கு பெருக்கினால் பிள்ளையின் கைநடுக்கமும் பத்து மடங்காகும். எட்டு மடங்கு போதும், எடை குறைவாக இருக்க வேண்டும். நான்கு வயதுக்கு அதுவும் தேவையில்லை. டிஷ்யூ ரோல் தீர்ந்ததும் மிஞ்சுகிற அட்டைக் குழாய் இரண்டை ஒட்டிக் கொடுத்தேன். பெருக்காது, ஆனால் ஓர் இடத்தையே பார்க்க வைக்கும். அந்த வயதுக்கு அதுதான் வேண்டும்.

பெயரை முதலில் சொல்லிவிடாதீர்கள். கொண்டையும் கன்னத்தில் சிவப்புமாக ஒரு குருவி வந்து உட்கார்ந்தபோது மூத்தவள் அதற்கு 'தலை சீவாத குருவி' என்று பெயர் வைத்தாள். இரண்டு வாரம் அப்படியே அழைத்தோம். பிறகுதான் செம்மீசைச் சின்னான் என்று சொன்னேன். தானே பெயர் வைத்த பறவையை அவள் எந்தக் கிளையிலும் அடையாளம் காண்கிறாள். குளிர்காலத்தில் தண்ணீர் ஓரம் வருகிற வாலாட்டிக் குருவி சின்னவனுடையது. வடக்கேயிருந்து இமயமலையையும் தாண்டி வருகிற விருந்தாளி என்று சொன்னால் அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அது எப்படி வாலை ஆட்டுகிறதோ அதே வேகத்தில் கரையில் நின்று இடுப்பை ஆட்டுகிறான். படகுக்குப் போகிறவர்கள் நின்று சிரிக்கிறார்கள். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான், பூஞ்சை பிடித்த லென்ஸில்.

'தெரியாது' என்று சொல்லலாம்

சலீம் அலி சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். கழுத்தில் மஞ்சளாக இருந்தது. என்ன குருவி என்று மாமாவிடம் கேட்டார். மாமாவுக்குத் தெரியவில்லை. அதட்டி அனுப்பாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு வழி காட்டினார். 1908இல் அங்கே செயலாளராக இருந்த மில்லார்ட், பாடம் செய்த பறவைகள் அடுக்கிய அலமாரிகளைத் திறந்து காட்டினார். இந்தியாவின் பெரிய பறவையியலாளர் உருவான கதை ஒரு மாமாவின் 'எனக்குத் தெரியலை'யில்தான் தொடங்குகிறது.

ஏற்காட்டில் கேள்வி கேட்க இடமா இல்லை? இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் 1963இலிருந்து இங்கே இருக்கிறது. மண்ணே இல்லாமல் மரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கும் வேரைப் பார்த்து, "இது எப்பிடிச் சாப்புடும்?" என்றான் சின்னவன். பூச்சி பிடிக்கிற குடுவைச் செடி முன்னால் போய், "இதுக்குப் பல்லு எங்க?" என்றான். இரண்டாவதற்குப் பதில் தெரியும்: பல் கிடையாது, குடுவைக்குள் இருக்கிற நீரில் பூச்சி விழுந்து கரையும். முதல் கேள்விக்குத் தடுமாறினேன். அங்கிருந்த தோட்டக்காரரிடம் கேட்டோம். காற்றின் ஈரத்தையும் மழைநீரையும் அந்த வேரே உறிஞ்சிக்கொள்ளும் என்றார். எனக்கும் அன்றுதான் தெரியும்.

குனிந்து போகிற கோயில்

சேர்வராயன் கோயில் 5,326 அடி உயரத்தில் இருக்கிறது. மலையின் தலை அதுதான். ஆனால் உச்சியில் நிற்கிற மாதிரியே தோன்றாது. மைதானம் போலப் பரந்த புல்வெளி. பிள்ளைகளை அவிழ்த்துவிட்ட கன்று மாதிரி ஓடவிட இதைவிட இடமில்லை. காற்று மட்டும் பலமாக அடிக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி வரை குறையும். அடிவாரத்தில் வேர்க்கிறது என்று ஸ்வெட்டரை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வழியில் செக்கச்சிவந்த கற்கள் கிடக்கும். இந்த மலைகளின் தலைப்பகுதியில் இருப்பது பாக்சைட் தாது. ஒரு காலத்தில் இங்கிருந்து வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோனார்கள். "இந்தக் கல்லிலிருந்துதான் அலுமினியப் பாத்திரம் வருது" என்றேன். சின்னவன் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டான். வீட்டில் இன்னும் அதற்குப் பெயர் 'குக்கர் கல்'.

கோயில் ஒரு குகை. சேர்வராயனும் காவேரி அம்மனும் உள்ளே இருக்கிறார்கள்; குகை காவிரி வரைக்கும் போகிறது என்பது நம்பிக்கை. பெரியவர்கள் குனிந்துதான் நுழைய வேண்டும். பிள்ளைகள் நிமிர்ந்தே போகலாம். ஆனால் சின்னவன் இருட்டைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டான். இவ்வளவு தூரம் வந்துவிட்டு என்று இழுத்தேன். ஓங்கி அழுதான். ஒற்றை ஆளாக இரண்டு பிள்ளைகளோடு போகிறவருக்கு இது தெரியும்: ஒருவரை வெளியே விட்டு ஒருவரோடு உள்ளே போக முடியாது. மூவரும் வாசலோரம் உட்கார்ந்தோம். கால் மணி நேரம் இருக்கும். சாமி கும்பிட வந்த மலைக்கிராமத்துப் பாட்டி ஒருவர், "வா சாமி, பாட்டி கையப் புடிச்சுக்க" என்று கையை நீட்டினார். என் கையை உதறியவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். நான் பின்னால் குனிந்து போனேன்.

வெளியே வந்து புல்லில் உட்கார்ந்து, இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் கதையைச் சொன்னேன். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பிகள் மூவர். பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்வது. மூத்தவள் உடனே, "அப்போ இந்த மலை என்னுது. நீ கொல்லிமலைக்குப் போ" என்று தம்பியைத் தள்ளினாள். பச்சைமலையை அம்மாவுக்கு ஒதுக்கினார்கள். எனக்கு மலை கிடைக்கவில்லை. வண்டி ஓட்டுகிறவருக்கு எதற்கு மலை?

மே மாதத் திருவிழாவின்போது கூட்டம் அலைமோதும். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் மற்ற மாதங்களில் போவது நல்லது.

பையிலும் மனதிலும் இருக்க வேண்டியவை

- ஆளுக்கு இரண்டு செட் மாற்றுத் துணி. அப்பாவுக்கும் ஒரு சட்டை.
- வாந்திக்குக் கெட்டியான பை, ஈரத்துணி, தண்ணீர்.
- ஜிப் வைத்த பைக்குள் தின்பண்டம். கையில் கேரிபேக்கோடு இறங்கினால் குரங்கு வந்துவிடும். என் மகனின் பிஸ்கட்டைப் பறித்தபோது நான் பல்லைக் கடித்து மிரட்டினேன். அது இன்னும் நெருங்கி வந்தது. பல்லைக் காட்டுவது குரங்குக்குச் சண்டைக்கு அழைப்பு. நேராகப் பார்க்காமல் மெல்லப் பின்வாங்க வேண்டும், தீனி போடவே கூடாது.
- கோடு போட்ட சின்ன நோட்டு, பென்சில்.
- ஒரு நாளைக்கு ஒரே இடம். ஏரி, தோட்டம், லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்தால் பிள்ளைகளுக்கு நினைவிருப்பது கார் மட்டும்தான். கிளியூர் அருவிக்குச் செங்குத்தான இறக்கம். ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களோடு நான் முயன்று பாதியில் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

இறங்கும்போது

மூன்று மணிக்கு மேல் நான் மலையில் நிற்பதில்லை. பனிமூட்டம் இறங்கினால் முன்விளக்கைத் தாழ்த்திப் போட்டு, இரண்டாவது கியரில் ஊர்ந்து வர வேண்டும். ஒரு நாள் பன்னிரண்டாவது வளைவில் கீழிருந்து ஒரு பஸ் ஏறி வந்தது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன். "நாமதானே முதல்ல வந்தோம், எதுக்குப்பா நிக்கணும்?" என்றாள் மூத்தவள். மலைப்பாதையில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும், அதுதான் சட்டம் என்றேன். ஏறுகிறவனுக்கு நடுவில் நின்றுவிட்டால் மறுபடி எடுப்பது கஷ்டம். சொல்லிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். சின்னவன் பதின்மூன்று வரை எண்ணிவிட்டு அக்கா மடியில் தூங்கியிருந்தான்.

'இவங்க வளரட்டும்' என்று காத்திருக்கும் அப்பாக்களுக்கு ஒரே வார்த்தைதான்: நீங்கள் விட்டுவைத்தது மீனோ, செஸ்ஸோ, மாடித்தோட்டமோ, எதுவானாலும் அதை 15 நிமிஷ அளவுக்குப் பிடித்துத் தைத்து வரும் ஞாயிறே வெளியே எடுங்கள். உள்ளேயே வைத்தால் பூஞ்சைதான் பிடிக்கும். எங்கள் நோட்டில் இதுவரை 31 பறவைகள் இருக்கின்றன. யார் முதலில் பார்த்தார்களோ அவர் பெயரைப் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது மூத்தவள் போட்ட விதி. என் பெயர் ஒன்பது இடத்தில் இருக்கிறது.