பழங்கூடையும் புதுவண்ணமும்

தாவரவியல் இரண்டாம் ஆண்டு மாணவி

முன்னுரை

உத்திரமேரூர் வட்டாரத்துக் கிராம வீடுகளில் பரண்மேலோ மாட்டுக்கொட்டில் மூலையிலோ பழைய மூங்கில் கூடை ஒன்றேனும் கிடக்கக் காணலாம். நெல் அள்ளவும், எரு சுமக்கவும், சந்தைக்குக் காய்கறி கொண்டு செல்லவும் ஆண்டுக்கணக்கில் உழைத்த கூடை அது. வாய் தளர்ந்ததும் அது அடுப்பெரிக்கப் போய்விடுகிறது. அதன் இடத்தில் பிளாஸ்டிக் கூடை வந்து அமர்கிறது. பழங்கூடைக்கு வண்ணம் பூசி, துணிமணியும் புத்தகமும் வைக்கும் கலனாக மாற்றிக்கொள்ளலாம் என்று கூறுவோர் பலர். வண்ணம் பூசுவது எளிது. பூசிய வண்ணம் நிலைத்து நிற்பதுதான் அரிது. அது நிற்க வேண்டுமாயின், கூடையின் வலிமை எங்கே இருக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புல்லா, மரமா?

மூங்கில் ஓங்கி வளர்ந்தாலும் மரமன்று; புல்லினத்தைச் சேர்ந்த ஒருவித்திலைத் தாவரமாகும். வயிரம் வெளிப்புறத்தில் உள்ளவற்றைப் புல் என்றும், உட்புறத்தில் உள்ளவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரித்துக் கூறுகிறது. தாவரவியலும் இதற்கு இசைந்தே நிற்கின்றது. மூங்கிலில் சாற்றுக்குழாய்க் கற்றைகளும் நார்களும் வெளிப்புறத்தில் நெருங்கியும் உட்புறம் செல்லச்செல்ல விலகியும் அமைந்துள்ளன. பனையும் இவ்வகையினதே. பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் காட்டும் நம் ஊர்க் குடவோலைத் தேர்தலில் பெயரெழுதப் பயன்பட்ட ஓலையைத் தந்த இனமும் புறத்தே வயிரம் கொண்ட இவ்வினமே என்பது எண்ணி மகிழத்தக்கது.

இவ்வுண்மை நமக்கு எவ்வாறு பயன்படும்? மூங்கிலின் புறணி வழவழப்பானது. அதன்மேல் மெழுகுப் படலமும் மணற்சத்தாகிய சிலிக்காவும் படிந்துள்ளன. ஆதலின் வண்ணம் அதில் ஊறுவதில்லை. சில திங்களில் செதில் செதிலாக உரிந்துவிடும். உட்புறப் பிளாச்சோ வண்ணத்தை உறிஞ்சிக்கொள்ளும். எனவே புறணியை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, பளபளப்பை மட்டும் போக்க வேண்டும். ஆழத் தேய்த்தால் வயிரமே தேய்ந்து கூடை வலுவிழக்கும்.

முதற்கண் சோதனை

வண்ணப் பூச்சு குறையை மறைக்கும், தீர்க்காது. ஆகவே தூரிகையைத் தொடுமுன் கூடையைத் தரையில் தட்டிப் பார்க்க வேண்டும். மஞ்சள் நிற மாவு உதிர்ந்தால் அது உளுத்திருக்கிறது என்று பொருள். மூங்கிலில் உள்ள மாச்சத்தை நாடி வரும் சிறு வண்டுகளின் வேலை இது. மிகுதியாக உளுத்ததைக் கழித்துவிடுவதே நன்று. ஓரிரு பிளாச்சுகள் மட்டும் முறிந்திருந்தாலும், விளிம்புக் கட்டு அவிழ்ந்திருந்தாலும், கூடை முடைவோரிடம் கொடுத்துச் சீர்செய்துகொள்ளலாம்.

பின்னர் தேங்காய் நாரால் தூசியைத் தட்டி, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, முதல் நாள் நிழலிலும் அடுத்த நாள் இளவெயிலிலும் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு கடும் வெயிலில் வைத்தால் பிளாச்சு வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில் இவ்வேலையைத் தொடங்காதிருப்பது நலம். பங்குனி, சித்திரையே ஏற்ற காலம்.

நம் வீட்டுப் பூச்சு

கூடைக்குப் பூச்சிடுவது நமக்குப் புதிதன்று. முறத்திற்கும் கூடைக்கும் சாணம் மெழுகி இடுக்குகளை அடைப்பது தமிழகக் கிராமங்களில் நெடுநாளைய வழக்கம். காகிதமும் வெந்தயமும் சேர்த்து அரைத்த கூழைப் பூசுவதும் நம் பாட்டிமார் அறிந்த கைத்தொழிலே. அதன் செய்முறை வருமாறு:

1. எழுதி முடித்த நோட்டுப் புத்தகத் தாள்களைக் கிழித்து, மூன்று நாள் நீரில் ஊறவைக்கவும். நாள்தோறும் நீரை மாற்றவும்.

2. ஒரு கிலோ தாளுக்கு ஏறத்தாழ 100 கிராம் வெந்தயத்தை ஓர் இரவு ஊறவைக்கவும்.

3. இரண்டையும் உரலிலிட்டு வெண்ணெய் போல் ஆகும்வரை இடிக்கவும். ஆட்டுரலிலும் அரைக்கலாம்.

4. கூடையைக் கவிழ்த்து, அடியிலிருந்து விளிம்பு வரை மெல்லிய அளவில் அப்பி, ஈரக்கையால் தடவி வழவழப்பாக்கவும். நன்கு உலர்ந்தபின் உட்புறமும் அவ்வாறே பூசவும்.

5. நான்கைந்து நாள் காயவிடவும். தட்டினால் ஓட்டைப்போல் ஓசை எழ வேண்டும்.

வெந்தயத்தில் உள்ள பிசின் தாள் நார்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. மூங்கில் பின்னலின் மேடுபள்ளங்கள் கூழைப் பற்றிக்கொள்வதால் பூச்சு எளிதில் கழன்று விழுவதில்லை. இதன்மேல் செம்மண் குழம்பைப் பூசி, சுண்ணாம்பால் கோலமிட்டால் கண்ணுக்கு விருந்தாகும். கருவேலம் பிசினை நீரில் ஊறவைத்துக் குழம்பில் சிறிது சேர்த்துக்கொண்டால் நிறம் கையில் ஒட்டாது. செலவென்று பார்த்தால் வெந்தயத்தின் விலை மட்டுமே.

கடை வண்ணம் பூசுவோர்க்கு

பின்னல் அழகு தெரிய வேண்டும் என விரும்புவோர் கூழ் பூசாமல் நேரே எனாமல் வண்ணம் பூசலாம். முதலில் பிரைமர் ஒரு பூச்சு. அது உலர்ந்தபின் வண்ணம் இரண்டு பூச்சு. ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால் இடுக்குகளில் வண்ணம் தேங்கி, மேலே காய்ந்தும் உள்ளே காயாமலும் நிற்கும். ஒரு பூச்சுக்கும் மறு பூச்சுக்கும் இடையே ஓர் இரவேனும் விட வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. மஞ்சள், ஆரஞ்சு போன்ற பளிச்சிடும் நிறங்களுக்கு முற்காலத்தில் ஈயம் கலந்த நிறமிகள் மிகுதியாகப் பயன்பட்டன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சாகும். 2016ஆம் ஆண்டு வகுக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் விதிகள், வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தல் கூடாது என்கின்றன. ஆதலால் பரணில் கிடக்கும் பழைய டப்பாவை எடுத்துப் பூசாமல், மேலே உள்ள குறிப்பைப் படித்துப் புதியதை வாங்குவதே அறிவுடைமை.

எதை வைப்பது?

பூச்சிட்ட கூடைக்குள் காற்று புகுவது குறையும். எனவே துணி, நூற்கண்டு, புத்தகம், விளையாட்டுப் பொருள் ஆகியவற்றை அதில் வைக்கலாம். வெங்காயம், உருளைக்கிழங்கு போன்றவற்றுக்குக் காற்றோட்டம் இன்றியமையாதது. அவற்றைப் பூச்சில்லாத கூடையிலேயே வைக்க வேண்டும். அரிசி, பருப்பு முதலியவற்றை வண்ணத்தின்மேல் படுமாறு கொட்டலாகாது. கூழ் பூசிய கூடை நீரைத் தாங்காது. ஈரத்தரையில் வைத்தால் பூச்சு இளகிவிடும்.

முடைவோர் வாழ்வு

பழையதையே பூசிப் பூசி வைத்துக்கொண்டால் கூடை முடைவோர் பிழைப்பது எவ்வாறு என்று கேட்கலாம். நியாயமான வினாவே. ஆனால் இன்று பழங்கூடை கழிந்த இடத்தைப் புதுக்கூடையா நிரப்புகிறது? பிளாஸ்டிக் அல்லவா நிரப்புகிறது! விளிம்பு கட்டவும், முறிந்த பிளாச்சை மாற்றவும் நாம் அவர்களை நாடினால், அவர்கள் கைக்கு வேலையும் கூலியும் கிடைக்கும். நம் வீட்டில் மூங்கிலின் பழக்கமும் விட்டுப்போகாது. கூலியில் பேரம் பேசாதிருப்பது நாம் செய்யக்கூடிய சிறு உதவி.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தடைசெய்யப்பட்டுள்ளன. மேலும், 2017இல் இந்திய வனச் சட்டம் திருத்தப்பட்டு, ‘மரம்’ என்னும் சொல்லின் விளக்கத்திலிருந்து மூங்கில் நீக்கப்பட்டது. இதனால் காட்டுக்கு வெளியே சொந்த நிலத்தில் மூங்கில் வளர்ப்போர்க்கு வெட்டவும் கொண்டு செல்லவும் இருந்த தடை தளர்ந்தது. மூங்கில் புல்லே என்று நம் இலக்கணம் முன்னரே வகுத்ததைச் சட்டமும் பின்னர் ஏற்றது எனலாம். வரப்போரத்தில் நாலு மூங்கில் புதர் வளருமானால், கூடை முடைவோர் மூலப்பொருளுக்காகத் தொலைவு அலைய வேண்டியதில்லை.

முடிவுரை

வலிமை எங்குள்ளது என்று அறிந்து, குறையைச் சீர்செய்து, அதன்பின் வண்ணம் பூசுக என்பதே இதுவரை கூறியவற்றின் சாரம். இவ்விடுமுறையில் நம் வீட்டுப் பரணிலிருந்து ஒரு கூடையை இறக்குவோம். தேர்வு முடிந்த நோட்டுப் புத்தகங்களும் கைவசம் உண்டு. செய்து பார்ப்போமாக!