விசைத் தெளிப்பானில் தீப்பொறி பிறப்பது எப்படி?

நெற்பயிரில் புகையான் தென்பட்டு, மருந்தையும் கலக்கி வைத்த பிறகு விசைத் தெளிப்பான் கிளம்ப மறுத்தால் உழவருக்கு ஏற்படும் பதைப்பைச் சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்ட ஒரு வேளையில், "உள்ளே பாட்டரி தீர்ந்திருக்குமோ?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். முதுகில் சுமக்கும் பெட்ரோல் தெளிப்பான்கள் பெரும்பாலானவற்றில் பாட்டரியே கிடையாது. சுழலும் காந்தமும், அதன் அருகே அசையாது நிற்கும் கம்பிச் சுருளும்தான் தீப்பொறியைத் தருகின்றன.

கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தால் மின்சாரம் உண்டாவதை மைக்கேல் பாரடே 1831 அக்டோபர் 17 அன்று கண்டார். காந்தம் உள்ளே சென்றபோது மின்மானியின் முள் ஒரு பக்கமும், வெளியே வந்தபோது எதிர்ப்பக்கமும் திரும்பியது. காந்தம் அசையாமல் கிடந்தால் முள்ளும் அசையாது. காந்தத்தின் வேகமும் சுருளின் சுற்றுகளும் கூடக்கூட மின் அழுத்தமும் கூடும்.

தெளிப்பானில் இக்காந்தம் பிளைவீலில் பதிக்கப்பட்டுள்ளது. அது காயிலின் இரும்புக் கால்களைக் கடக்கும்போது முதற்சுருளில் மின்சாரம் ஓடுகிறது. பழைய இயந்திரங்களில் பாயிண்ட்டும், புதியவை பலவற்றில் மின்னணுச் சாதனமும் அந்த ஓட்டத்தை உரிய கணத்தில் துண்டிக்கின்றன. காந்தப்புலம் சட்டெனச் சரிவதால், பல ஆயிரம் சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுருளில் 10,000 வோல்ட்டுக்கு மேல் எழுந்து, பிளக்கின் இடைவெளியில் பொறியாகத் தாவுகிறது.

ஆகவே, கயிற்றை மெதுவாகப் பத்து முறை இழுப்பதில் பயனில்லை. பிடிப்புத் தட்டும் வரை மெல்ல இழுத்து, பிறகு ஒரே வீச்சில் சுண்டி இழுக்க வேண்டும்.

அப்படியும் கிளம்பாவிடில் பிளக்கைக் கழற்றிக் கரியை நீக்கி, இடைவெளியைக் கையேட்டில் உள்ளபடி (பெரும்பாலும் 0.6 முதல் 0.7 மி.மீ.) வைக்கவும். அடுத்து, நிறுத்தும் சுவிட்சின் கம்பியைப் பாருங்கள். முதற்சுருளின் மின்சாரத்தை இயந்திர உடலுக்குத் திருப்பிவிடுவதே இச்சுவிட்சின் வேலை. கம்பியின் மேலுறை தேய்ந்து உடலில் பட்டுக்கொண்டிருந்தால் பொறி வரவே வராது. மேற்சொன்ன பெரியவரிடம் ஒரு கடையில் காயிலையே மாற்றச் சொல்லியிருந்தார்கள். நான் பார்த்தபோது தேய்ந்திருந்தது இந்தக் கம்பிதான்! இன்சுலேஷன் டேப் சுற்றியதும் தெளிப்பான் கிளம்பிவிட்டது.

பொறி வருகிறதா என்று சோதிக்கும்போது பெட்ரோல் குழாயை மூடி, சிந்தியதைத் துடைத்து, ஆவி அடங்கிய பின்னரே கயிற்றை இழுக்கவும். பிளக்கின் உலோகப் பகுதி இயந்திர உடலைத் தொட்டிருக்க வேண்டும். ஆனால் பிளக் துளைக்கு அருகில் வேண்டாம், தீப்பற்றும். பிளக் ஒயரின் நுனியைக் கையால் தொடக்கூடாது.

காயிலுக்கும் பிளைவீலுக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் 0.3 மி.மீ. அளவே, அதாவது ஒரு விசிட்டிங் கார்டின் கனம். இது அகன்றாலும், இரும்புக் கால்களில் துரு ஏறினாலும் பொறி மங்கும். துருவை நைசான உப்புத்தாளால் தேய்த்து எடுக்கலாம். பிளைவீலைச் சுத்தியலால் தட்டிக் கழற்றாதீர்கள், காந்தம் வலுவிழக்கக்கூடும். கழற்றிய பிளைவீலை மண்ணில் வைத்தால் இரும்புத்தூள் ஒட்டிக்கொள்ளும். சுத்தமான துணியின் மேல் வைக்கவும்.