மூன்று ஷிப்டுக்கு ஒரே ஊசி

ஓசூர்ப் பக்கத்து ஆலையொன்றில் காலை ஆறு, மத்தியானம் இரண்டு, இரவு பத்து என்று மாறி மாறி வரும் ஷிப்டுகளில் வேலை பார்த்துக்கொண்டு மத்திகிரியில் குடியிருக்கிற ஒருவரிடம், நாள் முழுவதும் நிதானமாக வேலை செய்யும் பேசல் இன்சுலினை எழுதிக் கொடுத்து, ‘தினமும் ஒரே நேரத்தில் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று வைத்தியர் சொல்லியனுப்பினால், எத்தனை யூனிட் என்ற கவலைக்கு முன்பாகவே எந்த நேரம் என்ற கவலை அவரைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே நேரத்திலிருந்தே தொடங்குவோம்.

மூன்று ஷிப்டிலும் வீட்டிலிருக்கும் பொதுவான வேளை என்று ஒன்று கிடையாது. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் விளங்கும். ஆனால் இரவு எட்டரை மணியை எடுத்துக்கொண்டால், முதல் ஷிப்டில் அது வீட்டில் சாப்பாட்டு வேளை. மூன்றாவதில் கம்பெனி பஸ்ஸுக்குப் புறப்படும் வேளை. இரண்டாவதில் மட்டும் கேன்டீனில் போட்டுக்கொள்ள நேரும். பேசல் இன்சுலின்களில் ஒன்றான கிளார்ஜினின் உபயோகத்திலிருக்கும் பேனா 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் 28 நாள் வரை வெளியில் இருக்கலாமாதலால், சுமார் 900 மீட்டர் உயரத்திலிருக்கும் நம் ஊரில் அதைப் பையில் கொண்டுபோவது பெரிய சிரமமல்ல. வெயிலில் நிறுத்திய வண்டிப் பெட்டியில் மட்டும் வைக்கலாகாது. பிரிக்காத பேனாவுக்கு ஃபிரிட்ஜ். ஃப்ரீசர் ஒருபோதும் வேண்டாம்.

இனி அளவு. இரண்டாம் வகை நீரிழிவுள்ள பெரியவர்களுக்கு வைத்தியர்கள் சாதாரணமாக 10 யூனிட்டில், அல்லது எடையில் கிலோவுக்கு 0.1 முதல் 0.2 யூனிட் என்ற கணக்கில் தொடங்குவார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 6 முதல் 12 வரை வரும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும் வயோதிகர்களுக்கும் அதனினும் ஜாக்கிரதையாகத் தொடங்குவார்கள். பிறகு சரியான அளவைக் கண்டுபிடித்துக் கொடுப்பது உங்கள் வெறும் வயிற்றுச் சர்க்கரையே. அது 80க்கும் 130க்கும் இடையில் நிற்கவேண்டுமென்பது பொதுவான இலக்கு. தொடர்ந்து மூன்று நாளும் இலக்கைத் தாண்டியே இருந்தால் 2 யூனிட் கூட்டுவது, 70க்குக் கீழே இறங்கினால் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை குறைப்பது என்பது வழக்கமான முறையாயினும், உங்களுக்குரிய எண்களை வைத்தியர் கையால் எழுதி வாங்கிக்கொள்ளாமல் இதைப் பிரயோகிக்கக்கூடாது.

இரவு ஷிப்டுக்காரருக்கு வெறும் வயிறு என்பது பகலில் தூங்கி எழுந்து காபி குடிப்பதற்கு முந்தைய நிமிஷம். விடியற்காலையில் மிஷின் பக்கத்தில் டீ குடித்துவிட்டுப் பார்க்கும் எண்ணுக்கு இங்கே மதிப்பில்லை. ஷிப்டு மாறிய முதல் இரண்டு நாள் எண்களை நம்பி அளவைக் கூட்டாமலிருப்பதே விவேகம் என்பது என் அபிப்பிராயம். நோட்டில் சர்க்கரை, யூனிட், ஷிப்டு மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வருகிறவரிடமும் அந்த நோட்டைக் காட்டலாம்.

கூட்டிக்கொண்டே போவதற்கும் ஓர் எல்லையுண்டு. கிலோவுக்கு அரை யூனிட்டைத் தாண்டிய பிறகும் சர்க்கரை வசப்படவில்லையென்றால், அல்லது படுக்கும்போது 200 இருந்தது எழும்போது 120 ஆகிவிடுகிறதென்றால், குற்றம் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையில் இருக்கக்கூடும். பேசலை மேலும் ஏற்றாமல் வைத்தியரிடம் போகவேண்டும்.

பேனாவுக்குப் பதில் சிரிஞ்சு உபயோகிப்பவர்கள் இங்கே சற்று நின்று படிக்க வேண்டுகிறேன். நம் நாட்டு மருந்துக் கடைகளில் மில்லிக்கு 40 யூனிட் கொண்ட புட்டியும் 100 யூனிட் கொண்ட புட்டியும் உண்டு. சிவப்பு மூடி சிரிஞ்சு 40க்கு. ஆரஞ்சு மூடி 100க்கு. 100 யூனிட் புட்டியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் ‘10’ என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். ஆளைச் சாய்த்துவிடப் போதுமான அளவு. கடைக்காரர் அவசரத்தில் எடுத்துக் கொடுப்பதை வாங்கிப் பையில் போடாமல், புட்டியையும் மூடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மாட்டுப் பண்ணையால் பெயர்பெற்ற மத்திகிரியில் ஒரு விஷயம் வேடிக்கையாகத் தோன்றும்: ஒரு காலத்தில் மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து பிழிந்தெடுத்த இன்சுலினை, இப்போது நம் ஓசூர் சாலையில் பொம்மசந்திரா பக்கத்து பயோகான் ஆலையில் ஈஸ்டை வளர்த்து உண்டாக்குகிறார்கள்.

பேனாவால் போடும் விதம் சுலபம். கிளார்ஜின் தண்ணீர்போல் தெளிவாக இருக்கவேண்டும்; கலங்கினால் எறிந்துவிடுங்கள், வேறு இன்சுலினோடு கலக்காதீர்கள். புது ஊசி மாட்டி, 2 யூனிட்டைக் காற்றில் விட்டு, நுனியில் துளி நிற்கிறதா என்று பார்த்த பின்பு, தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி வயிற்றிலோ தொடையிலோ குத்தி, பொத்தானை அழுத்திப் பத்து எண்ணியபின் எடுக்கவேண்டும். ஒரே இடத்தில் குத்தினால் தோல் தடித்து மருந்து சரியாக இறங்காது.

கை நடுங்கி வேர்த்தால் லோ சுகர். ஷிப்டு பஸ்ஸில் பலர் கடலை மிட்டாய் வைத்திருப்பார்கள். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்துமாதலால், மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியே மேல். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையானால் மறுபடி அதே அளவு. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108க்குப் போன் செய்யவேண்டும். தெளிந்த பிறகு, அடுத்த எட்டரை மணி ஊசிக்கு முன்பே வைத்தியரைக் கேட்டு யூனிட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.