விட்டதைப் பிடிக்கும் ஆசை

மிளகாய் வற்றல் விலை இறங்கினால் பழகிய வியாபாரி பதறமாட்டார். எந்த விலையில் தள்ளிவிடுவது என்ற கணக்கு அவர் மனதில் இருக்கும். அதே வியாபாரி கிரிப்டோ வாங்கினால் மட்டும் அந்தப் பழக்கம் எங்கோ போய்விடுகிறது.

காரணம் உண்டு. கடைக்குக் கதவடைக்கும் நேரம் இருக்கிறது. இந்தச் சந்தைக்கு இல்லை. நள்ளிரவிலும் விலை ஓடும். 2021 நவம்பரில் சுமார் 69,000 டாலரைத் தொட்ட பிட்காயின், ஓராண்டில் 16,000 டாலருக்கும் கீழே வந்தது. இப்படிப்பட்ட இறக்கத்தில் மனம் உடனே வேறொரு காயினில் பாய்ந்து, விட்டதைப் பிடிக்கச் சொல்லும்.

இங்கேதான் வியாபார அன்பர்கள் வரிக் கணக்கைப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. ஒன்றில் 50,000 ரூபாய் விட்டு, மற்றொன்றில் 50,000 ரூபாய் பிடித்தாலும் வரி 15,000 ரூபாய்; அதன்மேல் செஸ் வேறு. மளிகைச் சரக்கில் இப்படியொரு கணக்கு கிடையாது!

ஆகவே, வாங்கும் முன்பே விற்கும் விலையை, ஏற்றத்துக்கு ஒன்றும் இறக்கத்துக்கு ஒன்றுமாக, நோட்டில் எழுதிவிடுங்கள். மண்டிக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைத் தொடாதீர்கள். நஷ்டத்தில் விற்ற அன்று மறுபடி வாங்காதீர்கள். மறுநாள் காலை கல்லாவில் உட்கார்ந்து யோசித்துக்கொள்ளலாம்.