ஹெச்.ஆர். ஆக வேண்டுமா? முதலில் ஷிஃப்டுக்குப் போங்கள்

ஆர்.கே.பேட்டையில் டிகிரி முடித்த பிள்ளைகளிடம் அடுத்து என்ன என்று கேட்டால் ஐ.டி., பேங்க், போலீஸ் என்பார்கள். ஹெச்.ஆர்., அதாவது மனிதவளம், என்று சொல்கிறவர் குறைவு. சொல்கிறவரும் ஏ.சி. அறையில் உட்கார்ந்து இன்டர்வியூ எடுக்கும் வேலை என்றே நினைக்கிறார். அந்தத் துறையின் உச்சிக்குப் போனவர் வந்த வழியைப் பாருங்கள்.

லீனா நாயர் கோலாப்பூர்க்காரர். இன்ஜினீயரிங் முடித்து, ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ.யில் மனிதவளம் படித்தார். 1992இல் இந்துஸ்தான் லீவரில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். தொடக்க காலத்தில் அவர் வேலை பார்த்த ஆலைகள் கொல்கத்தாவிலும் தலோஜாவிலும் நம் அம்பத்தூரிலும் இருந்தன. ஆம், திருத்தணியிலிருந்து சென்னை போகும் ரயில் பாதையில் வருகிற அதே அம்பத்தூர். 2016இல் அதன் தாய் நிறுவனமான யூனிலீவர் முழுவதற்கும் மனிதவளத் தலைவரானார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண். 2022 ஜனவரியில் ஷனேல் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி.

ஆலையில் அப்படி என்ன கற்கலாம்? சம்பளச் சீட்டைக் கற்கலாம். "சார், சம்பளம் 21,000ஐத் தாண்டிடுச்சு, இன்னும் ஏன் இ.எஸ்.ஐ. பிடிக்கிறீங்க?" என்று ஒருவர் கேட்பார். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில், ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு பருவங்கள் உண்டு. நடுவில் வரம்பைத் தாண்டினாலும் அந்தப் பருவம் முடியும்வரை 0.75 சதவீதம் பிடிக்க வேண்டும், அவர் குடும்பத்துக்கு மருத்துவமும் தொடரும். இதை நின்ற இடத்தில் விளக்கத் தெரிந்தவரை அந்த ஆள் நம்புவார். சங்கத்தோடு ஊதியப் பேச்சில் உட்காரும் நாளில் இந்த நம்பிக்கைதான் கைகொடுக்கும்.

பேச்சுவார்த்தை நம் ஊருக்குப் புதிதல்ல. தறிக்கூலி உயர்வுக்காக நெசவாளர் ஒருபக்கமும் உரிமையாளர் மறுபக்கமும் உட்கார்ந்து பேசுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். போதாக்குறைக்குத் தமிழும் தெலுங்கும் வீட்டிலேயே புழங்குகின்றன. ஆந்திராவின் ஸ்ரீசிட்டி ஆலைக்கு இதைவிடப் பெரிய தகுதி என்ன வேண்டும்? இந்தியும் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். பீகார், ஒடிசா தொழிலாளர் இல்லாத ஆலை இன்று அரிது.

படிப்புக்குச் சென்னையிலேயே இடம் இருக்கிறது: 1952இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க், தமிழக அரசின் தொழிலாளர் கல்வி நிலையம். சேரும் முன் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: தொழிற்சாலை நல அலுவலர் பதவிக்கு அரசு ஏற்கும் பட்டமா இது? 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டப்படி 500 பேர் வேலை செய்தால்தான் நல அலுவலர் கட்டாயம் என்று இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு அதை 250 ஆக்கிவிட்டது. இடங்கள் கூடும்.

ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சி ஒன்று, ஆலை ஒன்று, இரண்டிலும் வேலை கிடைத்தால், சம்பளம் இரண்டாயிரம் குறைந்தாலும் ஆலைக்கே போங்கள். சேர்ந்த பிறகு, வாரத்தில் ஒருநாளாவது இரண்டாம் ஷிஃப்ட் ஆட்களோடு கேண்டீனில் சாப்பிடுங்கள். மனு எழுதிப் பழக்கமில்லாதவர் அங்கேதான் வாய் திறப்பார்.