குறையும் கூலண்ட்: உற்றறிந்த பின் ஊகிப்போம்



என் மாமாவின் பழைய கார் எஞ்சினைப் பட்டறையில் முழுவதும் பிரித்துப் பழுதுபார்த்துப் பூட்டினார்கள். இரண்டு வாரத்திற்குள் கூலண்ட் தொட்டியில் திரவம் கீழ்க்கோட்டுக்கு இறங்கிவிட்டது. மாமா ஊற்றினார், மீண்டும் இறங்கியது. தரையில் ஒரு சொட்டு ஈரமும் இல்லை. “கேஸ்கெட் போய்விட்டது. மறுபடியும் எஞ்சினைத் திறக்க வேண்டியதுதான்” என்று முடிவு கட்டிவிட்டார். திறந்தால் ஆயிரக்கணக்கான ரிங்கிட் செலவாகும்.

மாமா உற்றறிந்தது, திரவம் குறைகிறது என்பதை மட்டுமே. கேஸ்கெட் போய்விட்டது என்பது அவருடைய ஊகம். ஊகத்தைச் சோதிக்காமல் பணத்தைச் செலவழிக்கலாமா?

கூலண்டின் வேலை

கூலண்ட் என்பது பெரும்பாலும் நீரும் எத்திலீன் கிளைக்கோலும் கலந்த திரவம். 1 கிலோகிராம் நீரின் வெப்பநிலையை 1°செ. உயர்த்த ஏறத்தாழ 4,200 ஜூல் வெப்பம் தேவை. அதனால் நீர் கலந்த இத்திரவம் எஞ்சினின் வெப்பத்தை நிறைய ஏற்று, ரேடியேட்டர் வழியாகக் காற்றில் விடுகிறது.

ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைக் காக்கிறது. சாதாரணமாக 100°செ.இல் கொதிக்கும் நீர், அழுத்தம் இருமடங்கானால் ஏறத்தாழ 120°செ.இல்தான் கொதிக்கும். சூடான எஞ்சினின் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டெனக் குறைந்து, திரவம் கொதித்துப் பீறிட்டு உடலைச் சுட்டுவிடும். எஞ்சின் நன்றாக ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள்!

மூன்று கருதுகோள்கள்

1. சிக்கிய காற்று: புதிதாகத் திரவம் நிரப்பும்போது எஞ்சினுக்குள் காற்று சிக்கிக்கொள்ளும். அது வெளியேறியதும் மட்டம் ஓரிரு முறை இறங்கி நின்றுவிடும். தொடர்ந்து இறங்கினால் இது காரணமன்று.

2. வெளிக்கசிவு: குழாய், அதன் இணைப்பு, நீர்ப்பம்பு, ரேடியேட்டர் ஆகியவற்றில் கசியலாம்.

3. உட்கசிவு: சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையில் இருப்பது ஹெட் கேஸ்கெட். ஹெட்டின் பரப்பு சமமாக இல்லாவிட்டாலோ, போல்ட்டுகளை உரிய வரிசையில் உரிய அளவுக்கு முறுக்காவிட்டாலோ, கூலண்ட் எண்ணெயிலோ எரியறையிலோ கலக்கும்.

சோதனைகள்

மாமாவின் காரில் மட்டம் மூன்றாம் வாரமும் இறங்கியது. முதல் கருதுகோள் நீங்கியது. எண்ணெய் பால்போல வெளுக்கவில்லை. எஞ்சின் சூடான பிறகு புகைபோக்கியில் வெண்புகையும் இல்லை.

அடுத்து, பட்டறைக்காரர் கூலண்டுக்கு மேலிருந்த காற்றை ஒரு நீல நிறக் காட்டித் திரவத்தின் வழியாக இழுத்தார். எரியறையின் வாயு கசிந்திருந்தால், அதிலுள்ள கரிவளி அத்திரவத்தை மஞ்சளாக்கும். பள்ளியில் சுண்ணாம்பு நீரைக் கொண்டு கரிவளியைக் கண்டறிகிறோம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். நிறம் மாறவில்லை. ஆனால் சிறு கசிவு இதில் தப்பிவிடலாம். எனவே சோதனை தொடர்ந்தது.

எஞ்சின் ஆறியதும், மூடி இருந்த இடத்தில் அழுத்தமானியுடன் கூடிய கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் அச்சிட்டிருந்த அளவுக்கு அழுத்தம் ஏற்றினார். முள் மெல்ல இறங்கியது. விளக்கடித்துத் தேடியபோது, எஞ்சினின் பின்புறக் குழாய் இணைப்பில் பச்சை நிறக் கறையும் புதிய ஈரமும் தெரிந்தன. அங்கே கிளிப் சரியாக இறுகவில்லை. கார் ஓடும்போது கசிந்த சொட்டுகள் சூடான உலோகத்தில் விழுந்து ஆவியாகிவிட்டன. தரை நனையாததன் காரணம் இதுதான்.

கிளிப்பை இறுக்கி, அதே அழுத்தத்தில், அதே நேர அளவுக்கு மீண்டும் சோதித்தார். முள் அசையவில்லை. எஞ்சினைத் திறக்கும் வேலையே வரவில்லை.

சிந்தித்துப் பாருங்கள்

1. இரண்டாவது அழுத்தச் சோதனையில் மாற்றப்பட்டது எது? மாறாமல் வைக்கப்பட்டவை எவை?
2. அழுத்தமானியின் முள் இறங்கியும் வெளியே எங்கும் ஈரம் இல்லையென்றால், நீங்கள் என்ன ஊகிப்பீர்கள்? அதை எப்படிச் சோதிப்பீர்கள்?