கராஜை அறையாக்கும் முன்

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எங்கள் ஆட்களின் கராஜுக்குள் கார் நிற்பது அபூர்வம். உள்ளே கோடைக்கால டயர்கள், பனி அள்ளும் சவள், பிரிக்காத பெட்டிகள். கார் வெளியே பனியில். அந்த இடத்தைச் சூடாக்கிப் பிள்ளைகள் கரம் விளையாடவும் மிருதங்கம் பழகவும் ஓர் அறையாக்கலாமே என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் அதோடு சேர்ந்து வருகிற சில நம்பிக்கைகள் காசைத் தின்னும். ஒன்று உயிரைக் கேட்கும்.

நம்பிக்கை: நல்ல ஹீற்றர் ஒன்று வைத்தால் அறை சூடாகிவிடும்.

உண்மை: சுவர்ச் செருகியில் பொருத்தும் சாதாரண ஹீற்றரின் உச்ச வலு 1500 வாட். ஒற்றைக் கார் கராஜின் கதவு ஏறக்குறைய 5 சதுர மீற்றர். அது வெறும் தகட்டுக் கதவு என்று வையுங்கள். வெளியே சுழியத்துக்குக் கீழே 20 பாகை, உள்ளே 20 பாகை என்ற ஓர் இரவில், அந்தக் கதவு ஒன்றே கிட்டத்தட்ட 1200 வாட் வெப்பத்தை வெளியே கடத்திவிடும். மிஞ்சும் 300 வாட்டை வைத்துக்கொண்டு சுவரும் கூரையும் தரையும் என்ன செய்யும்? ஹீற்றர் இரவு பகலாக ஓடி ஒரு நாளைக்கு 36 யூனிட் மின்சாரம் எரிக்கும். அறையில் இருப்பவர் ஜக்கெற்றோடுதான் இருப்பார்.

நுரை அடைத்த கதவு வாங்கினால் போதும் என்பார்கள். அட்டையில் போட்டிருக்கும் ஆர் மதிப்பு, அதாவது வெப்பத்தைத் தடுக்கும் திறன், கதவுப் பலகைக்கு உரியது. காற்று நுழைவது பலகையால் அல்ல, ஓரங்களாலும் மடிப்புகளாலும். உண்மையான அறை வேண்டுமென்றால் கதவைக் கழற்றி அங்கே ஒரு சுவரும் யன்னலும் வைக்க வேண்டும். தென் ஒன்ராறியோவில் அத்திவாரம் பொதுவாக 1.2 மீற்றர் ஆழத்துக்குப் போக வேண்டும். அதற்கு மேலுள்ள மண் உறைந்து வீங்கும். கதவுக்குக் கீழே அத்திவாரச் சுவர் தொடர்ச்சியாக ஓடுகிறதா என்று பார்க்காமல் புதுச் சுவரை எழுப்பக் கூடாது.

நம்பிக்கை: தரை கொங்கிறீட்தானே, மேலே லாமினேற் விரித்தால் முடிந்தது.

உண்மை: அதிகம் பேர் ஏமாறுவது இந்தத் தரையில்தான். காரிலிருந்து உருகி விழும் பனிநீர் வெளியே ஓடுவதற்காகக் கராஜின் தரையைக் கதவுப் பக்கம் சரித்தே ஊற்றியிருப்பார்கள். அந்தச் சரிவில் கரம் போர்டை வைத்தால் காய்களே சொல்லிவிடும். 4 அங்குலக் கொங்கிறீட்டின் ஆர் மதிப்பு அரை கூட வராது. 1 அங்குல நீல அல்லது இளஞ்சிவப்பு நுரைப்பலகைக்கு அது 5. பழைய கராஜ்களில் கொங்கிறீட்டுக்குக் கீழே பெரும்பாலும் எந்தக் காப்பும் இராது. குளிர்ந்த கொங்கிறீட்டின் மேல் நேரே லாமினேற் விரித்தால் அறையின் ஈரக்காற்று அடியில் போய்த் துளிர்க்கும். பிறகு பூஞ்சணம், பிறகு வாடை.

முதலில் ஒரு சோதனை. தெளிவான பொலித்தீன் துண்டு ஒன்றை நாலு பக்கமும் ரேப் ஒட்டித் தரையில் ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள். அடிப்பக்கம் நீர் கோர்த்தால் தரை ஈரம் கக்குகிறது. முதலில் அதற்கு வழி பார்க்க வேண்டும். பிறகு பொலித்தீன், சரிவைச் சமன்செய்யச் சீவிய மரச்சட்டம், இடையில் நுரைப்பலகை, மேலே பிளைவுட். வீட்டுத் தரையை விடக் கராஜ் தரை பதிவாக இருப்பதால் இந்த உயரத்துக்கு இடம் கிடைக்கும்.

சுவரிலும் அறையின் ஈரக்காற்று குளிர்ந்த பக்கத்தைத் தொடக் கூடாது. ஆவியைத் தடுக்கும் பொலித்தீன் இந்தக் குளிர்நாட்டில் அறையின் சூடான பக்கம் வர வேண்டும், ஜிப்ரொக்குக்கு உடனடிப் பின்னால்.

நம்பிக்கை: வீட்டு ஃபேர்னஸிலிருந்து ஒரு குழாய் இழுத்தால் செலவு மிச்சம்.

உண்மை: ஃபேர்னஸ் அந்த வீட்டின் அளவுக்குக் கணக்குப் பார்த்து வைக்கப்பட்டது. அறையின் வெப்ப இழப்பைக் கணக்கிடாமல் குழாய் இழுத்தால் மேல்மாடி குளிரும். குழாய் இல்லாத குளிர்நாட்டு ஹீற் பம்ப்தான் என் தெரிவு. சுழியத்துக்குக் கீழே 25 பாகையிலும் இயங்கும் வகைகள் இருக்கின்றன.

நம்பிக்கை: உள்வேலைதானே, பெர்மிட் தேவையில்லை.

உண்மை: தேவை. கார் நிற்கும் இடத்தை மனிதர் இருக்கும் இடமாக மாற்றுவது கட்டடச் சட்டத்தின் கீழ் வருகிறது. மின்வேலைக்கு மின் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தனியாக அறிவிக்க வேண்டும். தரிப்பிட விதி ஊருக்கு ஊர் மாறும். உங்கள் நகரசபையிடமே கேளுங்கள். காப்புறுதிக் கம்பனிக்கும் சொல்லிவிடுங்கள். பெர்மிட் எடுக்காத வேலை வீட்டை விற்கும் நாளில் சிக்கலாக வந்து நிற்கும்.

நம்பிக்கை: பாதியில் கார், பாதியில் அறை, அவசரத்துக்குப் புரொப்பேன் ஹீற்றர் போதும்.

உண்மை: இதைத்தான் மன்றாடித் தடுக்க விரும்புகிறேன். இயங்கும் காரும் புகைபோக்கி இல்லாத ஹீற்றரும் காபன் மொனொக்சைட்டை வெளியிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. போதாததற்கு 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீராவியும் அறைக்குள் சேரும். கார் ஒரு பக்கம் நிற்கத்தான் வேண்டுமென்றால் இடைச்சுவர் வாயு புகாதபடி முழுமையாக அடைக்கப்பட வேண்டும். நடுவில் கதவு வைத்தால் அது தானாக மூடிக்கொள்ள வேண்டும். வீட்டின் காற்றுக்குழாய் எதுவும் கார்ப் பக்கம் திறக்கக் கூடாது. கதவைத் திறந்துவைத்துக் காரைச் சூடாக்குவதும் பாதுகாப்பல்ல.

2008 இல் ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக்கில் ஒரு வீட்டில் தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் என நால்வரும் இந்த வாயுவால் இறந்தார்கள். எரிவாயுக் கணப்படுப்பின் புகைவழி அடைபட்டிருந்தது. வீட்டில் அலாரம் இருக்கவில்லை. 2013 இல் வந்த ஹோக்கின்ஸ்-ஜின்யாக் சட்டம் அந்தக் குடும்பத்தின் பெயரைத் தாங்குகிறது. கராஜ் ஒட்டிய வீடுகளிலும் படுக்கையறைகளுக்கு அருகில் காபன் மொனொக்சைட் அலாரம் கட்டாயம். உங்கள் வீட்டு அலாரத்தின் பின்பக்கம் காலாவதித் திகதி அச்சிட்டிருக்கும். இன்றிரவே கழற்றிப் பாருங்கள்.